இருக்கிறவங்களுக்கு என்ன பேரு?

குரு என்றதும் உங்கள் மனதில் ஒரு தாடி வந்து நிற்குமானால், அதைக் கொஞ்சம் ஓரமாக உட்காரச் சொல்லுங்கள். இந்தக் கதையில் குருவுக்கு வயது இருபத்தேழு. பெயர் ஜெசிந்தா. தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து திருப்பூருக்கு வந்து, ஒரு பள்ளிக்கூடத்தில் சமூக அறிவியல் நடத்துகிறார். சிஷ்யை முத்திருளாயிக்கு நாற்பதைத் தாண்டிவிட்டது. குரு சிஷ்யையை அக்கா என்று கூப்பிடுவார். சிஷ்யை குருவை டீச்சர் என்பாள். இரண்டு பேருக்கும் இதில் ஒரு சங்கடமும் இருந்ததில்லை.

ஆசிரமம் எது என்று கேட்டால், ஒரு கல்யாண மண்டபத்தின் மாடியில் இருந்த சாப்பாட்டுக் கூடம். பனியன் கம்பெனிகளுக்கு ஞாயிற்றுக்கிழமை லீவு. பத்தாம் வகுப்பைத் தனியாக எழுதித் தேறிவிட வேண்டும் என்று ஆசைப்பட்ட சில தொழிலாளிகள் அன்று காலையில் அங்கே கூடுவார்கள். மண்டபக்காரர் நல்ல மனிதர், வாடகை கேட்பதில்லை. முகூர்த்த நாளில் மட்டும் வகுப்பு கிடையாது. இலை போடுகிற நீள மேஜைதான் டெஸ்க். முந்தின நாள் அங்கே கல்யாணம் நடந்திருந்தால் பாடப் புத்தகத்தில் லேசாக ரச வாசனை ஏறும்.

இருளாயிக்குக் கம்பெனியில் செக்கிங் வேலை. தைத்து வருகிற பனியனை வெளிச்சத்தில் விரித்துப் பிடித்து, ஓட்டை இருக்கிறதா, தையல் விட்டிருக்கிறதா என்று பார்த்துத் தள்ள வேண்டும். வருடக்கணக்காக அதையே செய்ததில், அவள் கண்ணுக்கு எதிலும் முதலில் ஓட்டைதான் படும். பாடத்திலும் அப்படித்தான்.

அன்றைக்குப் புவியியலில் மக்கள்தொகைப் பாடம்.

"ஒரு ஊர்ல ஜனத்தொகை எதனால மாறும்?" என்று ஜெசிந்தா டீச்சர் கேட்டார்.

"பொறந்தா கூடும்" என்றார் ஏழுமலை. பவர்டேபிள் என்கிற மோட்டார் மிஷினில் தைக்கிற டைலர். பண்ருட்டிக்காரர். வகுப்பில் முதல் பதில் எப்போதும் அவருடையதுதான். சரியா தப்பா என்பது வேறு விஷயம்.

"செத்தா குறையும்" என்றாள் இன்னொருத்தி.

"மூணாவது ஒண்ணு இருக்கு" என்றார் டீச்சர். "போறது, வர்றது. ஒரு இடத்த விட்டுப் போறவங்கள குடிபெயர்ந்தவங்கன்னு சொல்வோம். ஒரு இடத்துக்கு வந்து சேர்றவங்க குடியேறினவங்க."

எல்லோரும் எழுதிக்கொண்டார்கள். இருளாயி எழுதவில்லை.

"என்ன அக்கா?"

"போறவங்களுக்கு ஒரு பேரு இருக்கு. வர்றவங்களுக்கும் ஒரு பேரு இருக்கு."

"ஆமா."

"அவங்க போனதுக்கப்புறம் அங்கேயே இருக்கிறவங்களுக்கு என்ன பேரு டீச்சர்?"

ஜெசிந்தா டீச்சர் புத்தகத்தைப் புரட்டினார். அப்படி ஒரு பெயர் அதில் இல்லை.

"தெரியல அக்கா. யோசிச்சுச் சொல்றேன்" என்றார்.

எனக்குத் தெரிந்து தெரியலை என்று சொன்ன குருமார்கள் குறைவு. இருளாயிக்கு அந்த டீச்சர் மேல் மரியாதை வந்ததே அப்படிச் சொன்னதால்தான்.

அவள் சும்மா கேட்கவில்லை. வீட்டில் ஒரு விஷயம் நெருப்பாக எரிந்துகொண்டிருந்தது.

இருளாயிக்கு ஒரே மகள், நாகஜோதி. புருஷன் போய்ச் சேர்ந்தபோது ஜோதி பால் பல் விழாத பிள்ளை. அப்போதிலிருந்து இருவரும்தான். ஜோதி நர்ஸ் படிப்பு முடித்து, உள்ளூர் ஆஸ்பத்திரி ஒன்றில் வேலை பார்த்துக்கொண்டே ஜெர்மன் பாஷை படித்தாள். அம்மாவைப் பத்தாம் வகுப்புக்குச் சேர்த்துவிட்டதும் அவள்தான். ராத்திரிச் சமையல் ஆனதும் ஒரே மேஜையில் அம்மா ஒரு பக்கம், மகள் ஒரு பக்கம். மகள் தொண்டையில் முள் சிக்கியவள் மாதிரி ஏதோ உச்சரித்துப் பழகுவாள். அம்மா விழுந்து விழுந்து சிரிப்பாள்.

அந்தச் சிரிப்பு நின்றுபோய்ச் சில நாட்கள் ஆகின்றன. ஜெர்மனியில் ஒரு ஆஸ்பத்திரி ஜோதியை வேலைக்கு எடுத்துக்கொள்ளத் தயார் என்று சொல்லிவிட்டது. வருகிறாயா இல்லையா என்று மாதக் கடைசித் திங்கட்கிழமைக்குள் சொல்ல வேண்டும்.

"நீ சரின்னு சொன்னாத்தாம்மா போவேன்" என்றாள் ஜோதி. அப்படிச் சொல்லாமல், கேட்காமல் கொள்ளாமல் கிளம்பிப் போயிருந்தால்கூட இருளாயிக்குச் சுலபமாக இருந்திருக்கும். திட்டித் தீர்த்து, அழுது, பிறகு சமாதானம் ஆகியிருப்பாள். முடிவைத் தூக்கி அம்மா மடியில் வைத்துவிட்டு நிற்கிற பிள்ளையை என்ன செய்வது?

வேண்டாம் என்று சொல்ல மனசு வரவில்லை. சரி என்று சொல்ல வாய் வரவில்லை. கடைசியில் வாயில் வந்தது இதுதான்:

"நீ போயிட்டா நான் இங்க எதுக்கு? ரூமக் காலி பண்ணிட்டு ஊருக்குப் போயிருவேன்."

ஜோதி தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் படுத்துக்கொண்டாள். சொன்ன பிறகு இருளாயிக்கே நெஞ்சு வலித்தது. ஆனாலும் சொன்னதைத் திரும்ப வாங்கவில்லை.

இன்னொரு நாள் ஜோதி போனில் அந்த ஜெர்மன் ஊரை விரித்துக் காட்டினாள். ஆறு ஓடுகிறது, சர்ச் இருக்கிறது, மரமெல்லாம் மஞ்சளாக நிற்கிறது.

"அங்கருந்து இங்க பஸ்ஸு எவ்வளவு நேரம்?" என்று கேட்டாள் இருளாயி.

ஜோதி சிரிக்கத் தொடங்கி, அம்மாவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

"தீபாவளிக்கு வர முடியுமாடி?"

"லீவு கிடைக்கணும்மா."

இருளாயி போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அரிசி களையப் போனாள்.

அடுத்த ஞாயிறு அவள் பையைத் தூக்கிக்கொண்டு மண்டபத்துக்குப் போனபோது வாசலில் நாதஸ்வரம். முகூர்த்தம்! மறந்தே போய்விட்டாள். திரும்பலாம் என்றால், பன்னீர் தெளிக்கிற பெண் விடவில்லை. "வாங்க வாங்க, மொதல்ல சாப்பிட்ருங்க, கூட்டம் வந்துரும்" என்று மாடிக்கு அனுப்பிவிட்டாள். மாடியில் போய்ப் பார்த்தால், வழக்கமான மேஜையில், கையில் புவியியல் புத்தகத்தோடு ஜெசிந்தா டீச்சர் இலைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறார்.

"நீங்களும் மறந்துட்டீங்களா டீச்சர்?"

"எந்திரிக்க விட மாட்டேங்கிறாங்க அக்கா" என்றார் டீச்சர், வெட்கத்தோடு.

இருளாயி பக்கத்தில் உட்கார்ந்தாள். யார் வீட்டுக் கல்யாணமோ, பரிமாறுகிறவர்கள் இருவரையும் விழுந்து விழுந்து கவனித்தார்கள். இருளாயி சாம்பாரைப் பிசைந்துகொண்டே இருந்தாளே தவிர வாய்க்குக் கொண்டுபோகவில்லை.

"டீச்சர், யோசிக்கிறேன்னீங்களே. அந்தப் பேரு."

"சாப்பிடுங்க அக்கா."

"எம்பொண்ணு போகணும்ங்கிறா."

"எங்க?"

சொன்னாள். எல்லாவற்றையும் சொன்னாள். ஊருக்குப் போய்விடுவேன் என்று சொன்னதையும் மறைக்கவில்லை. டீச்சர் குறுக்கே பேசாமல் கேட்டார். புத்தி சொல்லவும் இல்லை, தேற்றவும் இல்லை.

"பாயசம் வருது. கொஞ்சமாவது குடிங்க" என்றார் கடைசியில்.

இருளாயி குடித்தாள். ஏதோ தொண்டையில் இறங்கியது, அவ்வளவுதான்.

அதற்கடுத்த ஞாயிறுதான் மாதக் கடைசி ஞாயிறு. மறுநாள் ஜோதி பதில் சொல்லியாக வேண்டும். அன்று காலை ஜோதி அம்மாவை ஸ்கூட்டியில் கொண்டுவந்து மண்டப வாசலில் இறக்கிவிட்டாள். "முடிஞ்சதும் கூப்பிட வரேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

ஜெசிந்தா டீச்சர் எல்லோருக்கும் ஆளுக்கொரு தமிழ்நாட்டு வரைபடம் கொடுத்தார். எல்லைக்கோடு மட்டும் இருக்கும், உள்ளே வெறுமை.

"இதுல திருப்பூரக் குறிங்க. உங்க ஊரையும் குறிங்க. எங்கருந்து எங்க வந்தீங்களோ, அதுக்கு ஒரு அம்பு போடுங்க. பரீட்சைல இந்த மாதிரி வரும்."

குனிந்து வரைந்தார்கள். நாள் முழுக்க ஊசிக்கும் கத்தரிக்கும் பழகிய கைகள். ஆளாளுக்கு நாக்கைக் கடித்துக்கொண்டு அவ்வளவு சிரத்தையாக வரைந்தார்கள். டீச்சர் படங்களை வாங்கி, மேஜையின் நீளத்துக்கு வரிசையாகப் பரப்பினார். ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே நடந்தார். கடைசி வரை போய்த் திரும்பி வந்தார். அவர் முகம் ஒரு மாதிரி ஆனது.

"ஏழுமலை அண்ணே. நீங்க பண்ருட்டியிலருந்து இங்க வந்தீங்களா, இங்கருந்து பண்ருட்டிக்குப் போனீங்களா?"

"அங்கருந்துதாங்க வந்தேன்."

"அப்ப அம்பு ஏன் பண்ருட்டியப் பாக்குது?"

ஏழுமலை எட்டிப் பார்த்தார். "அட!" என்றார். "ஊருன்னதும் கை தானா அந்தப் பக்கம் போயிடுச்சுங்க டீச்சர்."

பக்கத்தில் இருந்தவள் சிரித்துவிட்டுத் தன் படத்தைப் பார்த்தாள். சிரிப்பு நின்றது. அவள் அம்பு திருப்பூரில் கிளம்பி உசிலம்பட்டியில் போய்க் குத்தி நின்றது. இன்னொருவரின் அம்பு தர்மபுரிக்குப் போயிருந்தது. இருளாயியின் அம்பு தெற்கே இறங்கிக் கமுதியைத் தொட்டிருந்தது. மேஜை முழுக்க ஒரு அம்புகூடத் திருப்பூருக்குள் வரவில்லை.

"இந்தப் படத்தையெல்லாம் பாத்தா, திருப்பூர்ல ஒரு ஆள் மிச்சமில்ல" என்றார் டீச்சர்.

"தீபாவளி லீவுல வரைஞ்ச மாதிரி இருக்கு" என்றார் ஏழுமலை. கூடமே சிரித்தது. தீபாவளிக்கு முந்தின நாட்களில் திருப்பூர் பஸ் ஸ்டாண்டைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். நகரமே மூட்டையைக் கட்டிக்கொண்டு படிக்கட்டில் தொங்கும். மறுநாள் தெருவில் நாய் மட்டும் படுத்திருக்கும்.

டீச்சர் யாருக்கும் தப்புப் போடவில்லை. சரியான அம்பு எப்படி இருக்கும் என்று பலகையில் ஒருமுறை வரைந்து காட்டினார். வகுப்பு முடிந்தது. ஒவ்வொருவராகப் படி இறங்கிப் போனார்கள்.

இருளாயி போகவில்லை. ரப்பரை எடுத்து அம்பின் முனையைத் தேய்க்கத் தொடங்கினாள்.

"அழிக்காதீங்க அக்கா."

"தப்பா இருக்கே டீச்சர்."

"பரீட்சைல மாத்திப் போடுங்க. இது இப்படியே இருக்கட்டும்."

டீச்சர் எதிரே உட்கார்ந்தார். படத்தில் கமுதியின் மேல் விரலை வைத்தார்.

"இங்க யாரு இருக்கா?"

"எங்க ஊரு டீச்சர்."

"ஊரு சரி. ஆளு யாரு?"

"இப்ப யாருமில்ல. தம்பி மெட்ராஸ்ல இருக்கான். வீட்டையும் வித்தாச்சு. அம்மா இருந்துச்சு. அது செத்துப் போயி பல வருசமாச்சு."

"அம்மா இருந்தப்ப போவீங்களா?"

"போவேனாவா! ஒரு தீபாவளி, ஒரு பொங்கல் விட்டதில்ல. நிக்க எடமில்லாத பஸ்ல இவளத் தோள்ல போட்டுக்கிட்டு விடிய விடிய நின்னுக்கிட்டே போயிருக்கேன். எந்த பஸ்ஸுல வர்றேன்னு தெரியாம, வர்ற பஸ்ஸெல்லாத்தையும் பாத்துக்கிட்டு அது ரோட்டுல உக்காந்திருக்கும்."

"அம்மா செத்ததுக்கப்புறம்?"

இருளாயி வாயைத் திறந்தாள். போகாமலா என்று சொல்ல வந்தவள் நின்றுவிட்டாள். ஒவ்வொரு தீபாவளிக்கும் போகணும் போகணும் என்று சொல்லியிருக்கிறாள். பஸ்ஸுக்கு விசாரித்தும் இருக்கிறாள். பிறகு ஏதோ ஒரு காரணம் வரும்.

"போகல" என்றாள்.

இருளாயி அந்தப் படத்தை எடுத்து, பழக்க தோஷத்தில் ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே விரித்துப் பிடித்தாள். கமுதி என்று தன் கையால் எழுதியிருந்ததையே பார்த்தாள். கண் கலங்கி எழுத்து மறைந்தது.

"உங்கள முதல் முதல்ல இங்க அனுப்பும்போது அம்மா என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லல. போயிட்டு வா ஆத்தான்னுச்சு. பஸ்ஸு திரும்புற வரைக்கும் நின்னுச்சு."

"அழுதாங்களா?"

"எனக்கு முன்னாடி அழுகல."

டீச்சர் மேஜையில் மிச்சமிருந்த ஒரு வெற்றுத் தாளை எடுத்து இருளாயியின் முன்னால் தள்ளினார்.

"ஜோதி என்னைக்காவது அங்க உக்காந்து இந்த மாதிரி ஒரு படம் வரையிறான்னு வைங்க. அம்பு எந்தப் பக்கம் பாக்கும்?"

இருளாயி தாளைத் தொடவில்லை. அவளை இத்தனை நாளாகத் தூங்கவிடாமல் செய்தது இதுதான். இப்போதுதான் அது வாயில் வந்தது.

"அவளுக்கு ஏது டீச்சர் ஊரு? கமுதியில அவளுக்கு யாரத் தெரியும்? எனக்காவது திரும்பிப் பாக்க ஒரு எடம் இருந்துச்சு. இவ எதப் பாத்துத் திரும்புவா? இங்க என்ன இருக்கு? வாடக ரூமு. பொழைக்க வந்த எடம் இது."

"யாருக்கு?"

"எனக்குத்தான்."

"அவளுக்கு?"

இருளாயி கையிலிருந்த படத்தை மேஜையில் வைத்தாள்.

"அவ எங்க பொறந்தா அக்கா?"

"இங்கதான். பெரிய ஆஸ்பத்திரியில."

"நடக்கப் பழகினது?"

"ரூமு வாசல்ல. பிசிறு நூல் மூட்டையப் பிடிச்சுக்கிட்டு நிப்பா. வுட்டுட்டு நடந்து எங்கிட்ட..."

இருளாயி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

கீழே ஹாரன் சத்தம் கேட்டது. ஒரு முறை. கொஞ்ச நேரம் விட்டு இன்னொரு முறை. இருளாயி எழுந்தாள். படிக்கட்டுப் பக்கம் போகாமல் நேராக ஜன்னலுக்குப் போய் எட்டிப் பார்த்தாள். தெருவில் ஸ்கூட்டியை நிறுத்திக்கொண்டு, ஹெல்மெட்டோடு ஜோதி மாடிப்படியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏடி ஜோதி!"

ஜோதி நிமிர்ந்தாள்.

"அவங்களுக்கு வர்றேன்னு சொல்லிரு!"

"என்னம்மா? கேக்கல!"

"ஹெல்மெட்டக் கழட்டுடி! ஜெர்மனிக்காரங்களுக்கு! வர்றேன்னு சொல்லிரு!"

எதிர்த்த டீக்கடையில் கிளாஸைக் கையில் வைத்திருந்தவர்கள் எல்லாரும் அண்ணாந்து பார்த்தார்கள். ஜோதி ஹெல்மெட்டைக் கழற்றினாள். அவள் முகத்தில் சந்தோஷத்தைவிடப் பயம்தான் அதிகம் இருந்தது.

"நீ?" என்று கத்தினாள். "நீ எங்கம்மா போவ?"

"நான் எங்கயும் போகல! ரூமக் காலி பண்ணல! இங்கயேதான் இருப்பேன்!"

ஜோதி அப்படியே ஸ்கூட்டியில் உட்கார்ந்துவிட்டாள். ஹெல்மெட்டை மடியில் வைத்து அதன் மேல் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டாள். தோள் குலுங்கியது. டீக்கடைக்காரர் ஏதோ கேட்டார். அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

இருளாயியும் அழுதாள். மறைக்காமல், மூக்கைச் சிந்திக்கொண்டு, மகளைப் பார்த்தபடியே அழுதாள். ஜெசிந்தா டீச்சர் வந்து அவள் பக்கத்தில் நின்றார்.

"அவளுக்கு இப்ப ஒரு பேரு வந்துருச்சு டீச்சர். குடிபெயர்ந்தவ" என்றாள் இருளாயி, திரும்பாமலே. "இங்கயே இருக்கப் போறேனே, எனக்கு என்ன பேரு?"

டீச்சர் அவள் தோளில் கை வைத்தார்.

"ஊருன்னு பேரு அக்கா."